அளக்காமல் எழுதிய எண்

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திற்கு அருகே, ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் பகுதி அது. சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் தமக்கையின் மகன் நான்கு வாரத் தொழிற்பயிற்சிக்காக வந்து எங்களுடன் தங்கினான். நகரின் வடமேற்கிலுள்ள பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை அவனுக்கு இடம் கொடுத்திருந்தது.

முதல் வாரம் முழுவதும் அவனுக்கு ஏமாற்றம்தான். “இயந்திரத்தைத் தொடவே விடுவதில்லை மாமா. நின்று பார்ப்பது மட்டுமே வேலை” என்று தினமும் மாலையில் குறைப்பட்டுக்கொள்வான். இரண்டாம் வாரம் அவன் கையில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்தார்கள். கடைந்து முடித்த எஃகுத் தண்டுகளின் விட்டத்தை அளந்து, தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். அதில் 0.02 மில்லிமீட்டர் வரை வேறுபாடு அனுமதிக்கப்பட்டிருந்தது. அதாவது, தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவன் வாடிய முகத்துடன் திரும்பினான். இரவு உணவில் மனம் செல்லவில்லை. வெகுநேரம் கழித்து என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, அளக்காமல் எழுதிய எண், சரியான எண்ணாகவே இருந்துவிட்டால் அது பொய்யா?”

நடந்தது இதுதான். அன்று நாற்பது தண்டுகள் அவனிடம் வந்தன. இருபத்தாறை அளந்து முடித்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அதுவரை அளந்த அனைத்தும் சரியாகவே இருந்தன. எஞ்சிய பதினான்கும் அதே இயந்திரத்தில், அதே கைகளால் கடையப்பட்டவை. பேருந்தும் புறப்படும் நேரம். அவன் முந்தைய அளவுகளைப் போலவே பதினான்கு எண்களை, சிறிது கூட்டியும் குறைத்தும், இயல்பாகத் தோன்றுமாறு எழுதினான். கையொப்பமிட்டுக் கொடுத்தான். மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் பார்த்து, “நன்று” என்று சொல்லித் தாமும் கீழே கையொப்பமிட்டார்.

“அந்த ‘நன்று’தான் மாமா உறுத்துகிறது” என்றான்.

அவனுடைய கேள்வி சிறியதன்று. நாம் ஒவ்வொருவரும் வாழ்வில் ஏதோ ஒரு தாளில் இப்படிப்பட்ட எண் ஒன்றை எழுதியிருக்கிறோம். எழுதும் தருணத்தில் மூன்று சமாதானங்களைச் சொல்லிக்கொள்கிறோம். அவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: “விளைவு கெடவில்லையே!” தண்டுகள் சரியாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்தத் தாள் சொல்வது என்ன? ‘தண்டு சரியாக இருக்கிறது’ என்று மட்டும் அது சொல்லவில்லை. ‘இதை ஒருவன் அளந்து பார்த்தான்’ என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது வாக்கியம் பொய். தண்டின் அளவு தற்செயலாகப் பொருந்திப்போனாலும் அது மெய்யாகாது.

இதன் விபரீதத்தை உலகம் ஒருமுறை கண்ணால் கண்டது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியின் மீது கியூபெக் பாலம் எழுந்துகொண்டிருந்தது. அதன் மைய இடைவெளி முதலில் 1,600 அடி என்றிருந்தது. பின்னர் 1,800 அடியாக நீட்டப்பட்டது. நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்த எடையை முறையாக மறுகணக்கிடாமல், பழைய மதிப்பீட்டை வைத்தே உறுப்புகளை வடிவமைத்தார்கள். வடிவமைத்தவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பர் தம் காலத்தின் பெரும் புகழ்பெற்ற பாலப் பொறியாளர். 1907 ஆகஸ்ட் 29 மாலை பாலம் நதிக்குள் சரிந்தது. அதன் மீதிருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். கணக்கிடாமல் ஏற்றுக்கொண்ட ஓர் எண், பல ஆண்டுகள் தாளில் அமைதியாக உறங்கிக்கிடந்து, ஒரு மாலையில் விழித்துக்கொண்டது.

இரண்டாம் சமாதானம்: “நான் வெறும் மாணவன்தானே! எனக்குச் சம்பளம் கூட இல்லையே!” பொறுப்பு என்பது பதவியோடு வருவது என்று நாம் நினைக்கிறோம். அதே கியூபெக் பாலத்தில் கூப்பரின் சார்பாகக் களத்தில் நின்று மேற்பார்வையிட்டவர் நார்மன் மெக்லூர் என்ற இளைஞர். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சுமை தாங்கும் கீழ் உறுப்புகள் வளையத் தொடங்கியிருப்பதை அளந்து அறிந்து எழுதினார். ஒரு வளைவு ஒரே வாரத்தில் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டே கால் அங்குலமாகியிருந்தது. அந்த வளைவுகள் தொடக்கத்திலிருந்தே இருந்தவை என்று நிறுவனத்தார் வாதிட்டனர். அந்த இளைஞர் தம் அளவுகளை விட்டுக்கொடுக்கவில்லை. நியூயார்க்கிற்கு நேரில் சென்று கூப்பரிடம் சொன்னார். கூடுதல் சுமை ஏற்ற வேண்டாமெனக் கூப்பர் நிறுவனத்திற்குத் தந்தி அடித்தார். ஆனால் களத்தில் வேலை நிற்கவில்லை; அன்று மாலையே பாலம் விழுந்தது. அங்கிருந்தவர்களில் அனுபவம் குறைந்த ஒருவருடைய அளவே அன்று மெய்யாக இருந்தது! அளப்பவன் இளையவனா முதியவனா என்று இரும்பு பார்ப்பதில்லை.

நமக்கு அருகிலும் ஒரு காட்சி உண்டு. ஜீவனஹள்ளிக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் 1940-ல் தொடங்கப்பட்ட விமானத் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்ற ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் 1950-களின் பிற்பகுதியில் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். பழைய விமான எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைக்கும் குழுவில் அவருக்குப் பணி. எஞ்சினின் அச்சுத்தண்டு தேய்ந்திருக்கிறதா, இணைப்புத் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கற்றார். அவரே பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ராக்கெட்டுகளுக்கு முன்பு அவர் கைகள் பழகியது எண்ணெய் படிந்த தண்டுகளோடுதான். அந்தச் சிறிய வேலையை அவர் தம் சுயசரிதையில் மறவாமல் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

மூன்றாம் சமாதானம்: “எல்லோரும் செய்வதுதானே!” இது இன்று மிகவும் பரவியிருக்கிறது. பொறியியல் கல்வியில் தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆனால் பட்டறை வாசலையே மிதிக்காமல் சான்றிதழ் வாங்குவோரும், பணம் கொடுத்துச் செய்முறைத் திட்டத்தை விலைக்குப் பெறுவோரும் இருக்கிறார்கள் என்பது மாணவர்கள் அறிந்த செய்தி. அந்தச் சான்றிதழும் அளக்காமல் எழுதிய ஓர் எண்ணே. ‘இவன் கற்றான்’ என்று அது சொல்கிறது. கற்றவன் எவனும் இல்லை. எல்லோரும் அப்படியே எழுதத் தொடங்கினால், உண்மையில் அளந்தவனின் எண்ணையும் நம்புவதற்கு ஆளிராது.

அன்றிரவு இவ்வளவையும் நான் அவனிடம் சொல்லவில்லை. “நாளை காலையில் அவரிடம் சொல்லிவிடு” என்று மட்டும் சொன்னேன். அவன் அஞ்சினான். பயிற்சியை நிறுத்திவிட்டால்? சான்றிதழ் மறுக்கப்பட்டால்? கல்லூரிக்குத் தெரிந்தால்? அந்த அச்சம் நியாயமானதே. அப்படி எதுவும் நடக்காது என்று உறுதியளிக்க என்னாலும் இயலவில்லை.

மறுநாள் அவன் சொன்னான். மேற்பார்வையாளர் சில கணங்கள் ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த பிரிவுக்குச் சென்றிருந்த தண்டுகளை நிறுத்தித் திரும்பக் கொண்டுவரச் செய்தார். அதனால் அன்றைய வேலை அரை நாள் பின்தங்கியது. அவர் தம் மேலாளரிடம் பதில் சொல்ல நேர்ந்தது. பின்பு அவனிடம் தாளைக் காட்டி இவ்வளவே சொன்னார்: “தம்பி, உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. நீ அளந்தாய் என்று நம்பித்தான் நான் போட்டேன்.”

மூன்று சமாதானங்களுக்கும் அந்த ஒரு வாக்கியம் விடையாக அமைந்தது. பொய் எழுதியவன் தன் பெயரை மட்டும் பணயம் வைப்பதில்லை. தன்னை நம்பியவர் பெயரையும், அவரைக் கேட்காமலேயே, எடுத்து வைத்துவிடுகிறான்.

நாற்பது தண்டுகளையும் அவன் மீண்டும் அளந்தான். ஒவ்வொன்றையும் துணியால் துடைக்க வேண்டும். கருவியின் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும். இயந்திரத்திலிருந்து வந்த சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பத்து டிகிரி வெப்பம் கூடினாலே அந்தத் தண்டு ஏறத்தாழ 0.003 மில்லிமீட்டர் பருத்துவிடும். நம் வழக்கில் ‘சிரத்தை’ என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள் உண்டு, கவனம் என்றும் பொருள் உண்டு. அந்த இரண்டு பொருளும் ஒன்றுதான் என்பதை அன்று அவன் விரல்கள் கற்றிருக்க வேண்டும். ஆயுத பூஜை நாளில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மற்ற நாள்களில் அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய வழிபாடு, அவை காட்டுவதை அப்படியே எழுதுவதுதான்.

மறு அளவையின் முடிவு என்ன தெரியுமா? நாற்பதும் சரியாகவே இருந்தன. அவன் ஊகித்து எழுதிய பதினான்கும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருந்தன. “வீணாக அரை நாள் போயிற்றே என்று யாரோ சொன்னார்கள் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்றான். நேற்று அவை சரியாக இருக்கக்கூடிய தண்டுகள். இன்று அவை சரியென்று அறியப்பட்ட தண்டுகள். அவற்றை வாங்கப்போகும் முகமறியாத மனிதனுக்கு நாம் தரக்கூடியது அந்த அறிவைத்தான்.

கனடாவில் 1925 முதல், பொறியாளராகப் போகும் இளைஞர்கள் ஓர் உறுதிமொழி ஏற்று, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் எளிய மோதிரம் ஒன்றை அணிகிறார்கள். தாளில் எழுதும்போதெல்லாம் அது உரசும்; கடமையை நினைவூட்டும். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய மோதிரம் இல்லை. அதன் வேலையை வீட்டிலுள்ள நாம்தான் செய்ய வேண்டும். பயிற்சிக்குச் சென்று மாலையில் திரும்பும் மகனிடமோ மகளிடமோ, “சான்றிதழ் எப்போது தருவார்கள்?” என்று கேட்பதற்கு முன், “இன்று உன் கையால் எதை அளந்தாய்?” என்று கேட்போம். அதற்கு அவர்கள் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், அந்தப் பயிற்சி வீண்போகவில்லை.