பெயர் உங்களுடையது, பொறுப்பு யாருடையது?

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பது என்ன? பெயர், நட்சத்திரம், கோத்திரம். யார் செய்கிறார்கள் என்று சொல்லித்தான் சங்கல்பமே தொடங்குகிறது. ('சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ' என்பவர்களும் உண்டு. அது வேறு விஷயம்!)

ஓசூரில் சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும் அருள்புரியும் மலையைச் சுற்றியுள்ள ஊர், இன்று பெரிய தொழில் நகரம். டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று பெரிய ஆலைகள். அவற்றை நம்பி எத்தனையோ சிறு பட்டறைகள். சில பட்டறைகளில் பெயர்ப்பலகையில் அம்பாள் பெயர் இருக்கும். பதிவுப் பத்திரத்தில் 'புரொப்ரைட்டர்' என்ற இடத்திலோ, வீட்டு அம்மாவின் பெயர் இருக்கும்!

காரணம் இல்லாமல் இல்லை. கணவர் வேறு கம்பெனியில் வேலை பார்ப்பார். பெண் பெயரில் கடன் வாங்கினால் மானியமும் கூடுதல். 2008-ல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், நகரத்தில் பொதுப் பிரிவினருக்கு 15 சதவிகிதம், பெண்களுக்கு 25 சதவிகிதம் என்று வகுத்தது. 'இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா' என்கிறார் கணவர். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போட்டுவிடுகிறோம். அவர் சொல்லைக் கேட்பதுதானே நம் தர்மம் என்று சமாதானமும் சொல்லிக் கொள்கிறோம்.

தர்மம்தானா அது?

தனி உரிமையாளர் தொழிலில், கடை வேறு, நீங்கள் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. கடையின் கடன் உங்கள் கடன். தீர்க்க முடியாமல் கோர்ட் வரை போனால், உங்கள் பெயரில் உள்ள வீட்டுக்கும் ஆபத்துதான். 1908-ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, ஜப்தியிலிருந்து சிலவற்றை விலக்கி வைத்திருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை எல்லாம் அதில் உண்டு. தாலி தப்பும், பிறந்த வீட்டில் போட்ட வளையல் தப்பும் என்று சொல்வதற்கில்லை.

நீங்கள் கையெழுத்திட்ட செக் திரும்பினால் வழக்கும் உங்கள் மேல்தான். இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எல்லையோர ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், பொதுவாக 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு வரி உள்ள சரக்கை விற்றாலோ அது கர்நாடகம். தொகை சிறியதானாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கணக்கு தாக்கல் செய்யத் தவறினால் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு.

கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிய திருமலை வேங்கடவன் கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மனும் சிவனும் சாட்சி. பத்திரம் பெருமாள் பெயரில்தான்! பத்மாவதித் தாயாரைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. வட்டியை இன்றைக்கும் அவரேதான் கட்டிக்கொண்டிருக்கிறார் என்கிறது பக்தர்களின் நம்பிக்கை.

அதற்காக, கையெழுத்தே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இருவரும் சேர்ந்து சம்பாதித்தால்தான் குடும்பம் ஓடும் என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் உங்கள் பெயரைப் பார்த்துத்தான் இரும்பு வியாபாரி கடனுக்குச் சரக்கு இறக்குகிறார். லேத்தில் நிற்கும் பையன் சனிக்கிழமை சம்பளத்தை உங்கள் பெயரில் உள்ள கடையிடம்தான் எதிர்பார்க்கிறான். அவர்களிடம் 'எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அவர்தான்' என்பது பணிவாகத் தோன்றலாம். அது பணிவல்ல, கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவது. கணக்கைக் கேட்டால் கணவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சங்கல்பம் செய்தவர் பூஜையில் உட்காருவதைப் போலத்தான் இதுவும்.

கையெழுத்துக்கு நல்ல நாள் பார்க்கிறோம், ராகுகாலம் தவிர்க்கிறோம். அதற்கு முந்தின நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் அவரிடம் கேளுங்கள்: 'கடன் எவ்வளவு, அடமானம் எது, செக் புக் யாரிடம் இருக்கும்?'