நெரிசலில் மூண்ட கோபம் யார் தலையில்?

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு மாட்டிக்கொண்டவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி, அந்நகரில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆனது. அப்படி வந்து சேரும் மேலாளர், பையை வைத்த கையோடு தன் டீமில் ஒருவரைக் கூப்பிட்டு எரிந்துவிழுகிறார். ‘பாவம், டிராஃபிக்’ என்று அதை விட்டுவிடலாமா?

பயணம் மனநிலையைக் கெடுப்பது உண்மைதான். உளவியலாளர் டேனியல் கானெமனின் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், நாளிலேயே மகிழ்ச்சி மிகக் குறைந்த பொழுதாகத் தெரிந்தது காலைப் பயணம். உளவியலாளர் டுவைட் ஹெனெஸியின் 2008 ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. வண்டி ஓட்டி வந்த நெருக்கடி கூடக்கூட, ஆண்களிடம் பணியிடப் பகைமையும் பிறர் வேலைக்கு முட்டுக்கட்டை போடுவதும் கூடின. பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. வெளிப்படையான வன்முறையோ யாரிடமும் கூடவில்லை.

கவலைக்குரியது அந்தக் கடைசி விவரம்: கோபம் வெளியே தெரியாத வழியில் இறங்குகிறது. கத்தினால் நாலு பேருக்குக் கேட்கும், எச்.ஆர். வரை போகலாம். லீவு விண்ணப்பம் ஒப்புதல் இல்லாமல் கிடப்பதையும், கூட்டத்தில் பேச்சு பாதியில் வெட்டப்படுவதையும், கேட்ட கேள்விக்குப் பதிலே வராததையும் என்னவென்று புகார் எழுதுவது? சக ஊழியர் செய்தால் அது எரிச்சலோடு போகும். மேலாளர் செய்தால் ஒருவரின் அப்ரைசலே ஆட்டம் காணும்.

நெருக்கடியில் கட்டுப்பாடு போய்விடுகிறது என்பார்கள். அதே காலையில் டைரக்டர் அழைத்தால் குரல் தானாகத் தணிகிறதே! கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது. எதிர்த்துப் பேச முடியாதவரிடம் மட்டும் அது தளர்ந்துவிடுகிறது. திட்டு வாங்குபவரும் அதே சாலையில், ஒருவேளை பி.எம்.டி.சி. பேருந்தில் நின்றபடி, வந்தவர்தான்.

நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை சில்க் போர்டு வழியாக ஓடத் தொடங்கியது. ஆனால் நகரம் முழுவதற்கும் மெட்ரோ வர ஆண்டுகள் ஆகும். வேலை தொடங்கும் நேரத்தை மாற்றவோ நிர்வாகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். எல்லாரும் ஒன்பதரைக்கே இருக்கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் நிர்வாகம், மேலாளரின் சிடுசிடுப்பை அவருடைய சொந்தக் குறையாக மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது.

ஆனாலும் பெரும்பங்கு மேலாளருடையதே. வந்த முதல் அரைமணியில் கண்டிப்பும் அப்ரைசலும் வேண்டாம். அதையும் மீறி வார்த்தை தடித்துவிட்டால், எத்தனை பேர் முன்னால் திட்டினாரோ அத்தனை பேர் முன்னாலும், அன்றைக்கே, மன்னிப்புக் கேட்கட்டும்.