மரத்துக்குப் பட்ட கடன்

உயிரோடு நின்ற ஒரு விருக்ஷத்தை வீழ்த்தி, அதன் உடலைப் பலகையாக அறுத்து, அந்தப் பலகையின்மீது நாள்தோறும் கத்தியை இறக்கிக்கொண்டிருக்கும் மனிதன், அஹிம்சையைப் பற்றிப் பேசும்போது தன் சமையலறைப் பலகையை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வான் என்னும் கேள்வி அற்பமானதென்று சிலருக்குத் தோன்றலாம்; எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாற்காலி நம்மைத் தாங்குகிறது, கதவு நம்மைக் காக்கிறது. வெட்டுப்படுவதையே தர்மமாகக் கொண்டு வீட்டுக்குள் வருவது இந்தப் பலகைதான்.

இந்தத் தர்மத்துக்கு மரத்தைப் பக்குவப்படுத்துவது எளிதன்று. ஈரம் வடியும்போது பச்சை மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குகிறது. அவசரக்காரன் கையில் பலகை முறுக்கிக்கொண்டு வெடிப்பதற்குக் காரணம் இதுவே. ஆகையால் மேனாட்டுத் தச்சர்கள் ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்று கணக்கிட்டு, மேப்பிளையும் வால்நட்டையும் காற்றில் உலரவிட்டுக் காத்திருப்பார்கள். நார்கள் படுத்திருக்கும்படி பலகை அமைந்தால் ஒவ்வொரு வெட்டும் நாரை அறுக்கும்; மரத்தைச் சிறு கட்டைகளாக்கி, நார்முனைகள் மேல்நோக்கி நிற்கும்படி ஒட்டிச் சேர்த்தாலோ, கத்தியின் கூர் அவற்றினிடையே நுழைய, அவை விலகி இடங்கொடுத்து, கத்தி எழுந்தபின் ஓரளவு மறுபடியும் நெருங்கிக்கொள்ளும்; பலகை நெடுநாள் உழைக்கும், கத்தியும் விரைவில் மழுங்காது. வெட்டும் கருவிக்கும் வெட்டுப்படும் பொருளுக்கும் ஒருசேர நன்மை தேடிய அந்தக் கைவினைஞனின் புத்தியை நான் தர்மபுத்தி என்றே சொல்வேன்.

மரம் அழுக்கைத் தேக்கும், பிளாஸ்டிக்கே சுத்தமானது என்ற நம்பிக்கை பரவியிருந்த காலத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் சகாக்களும் நடத்தி 1994-இல் வெளியிட்ட சோதனைகளில், மரப்பலகையில் இட்ட பாக்டீரியாக்கள் உள்ளே உறிஞ்சப்பட்டுப் பெருகாமல் மடிந்தன. கத்தித் தழும்பேறிய பிளாஸ்டிக்கிலோ அவை எளிதில் போகவில்லை. வீழ்ந்த பின்னும் மரம் நமக்குக் காவல் செய்கிறது.

அப்படியானால் வீழ்த்திய குற்றம் தீர்ந்துவிட்டதா? ஜார்ஜ் நாகஷிமா என்னும் ஜப்பானிய அமெரிக்கர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். கட்டடக் கலைஞராகப் புதுச்சேரிக்கு வந்து, 1930-களின் பிற்பகுதியில் அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதிப் பணியை மேற்பார்த்து, ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தர் என்று ஸ்ரீ அரவிந்தரால் பெயர் சூட்டப்பெற்றவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சத்தவரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைபட்டிருந்தபோது, அங்கிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் தொழிலைக் கற்றார். மரத்துக்கு இரண்டாம் வாழ்வு அளிப்பதே தச்சனின் கடமை என்பது, 1981-இல் வெளிவந்த ‘மரத்தின் ஆன்மா’ என்னும் நூலின் ஆசிரியரான அவருடைய கொள்கை. பிளவுபட்ட பலகையையும் அவர் தள்ளாமல், பிளவை மறைக்காமல், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஆப்பு வைத்துப் பிணைத்தார். தொழிலையே கர்மயோகமாகச் செய்த அம்மகானை வணங்குகிறேன்; ஆயினும் இரண்டாம் வாழ்வு முதல் வாழ்வுக்கு ஈடாகும் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. மரத்தின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. தச்சன் செய்வது பாவநிவிர்த்தி ஆகாது; அவன் ஒரு கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறான், அதை அடைக்கும் பொறுப்போ பலகையை வாங்கி வைத்துக்கொள்பவனைச் சேர்கிறது. இரண்டே ஆண்டில் வெடித்தது என்று அதைக் குப்பையில் எறிபவன் செய்யும் ஹிம்சை, கோடரி பிடித்தவனுடையதைவிடப் பெரிது என்பது என் முடிவு. கோடரிக்காரனுக்கேனும் ஒரு பயன் கண்முன் இருந்தது.

ஆதலால், வாசகரே, உங்கள் பலகையைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். கழுவியவுடன் துடைத்து, இரு பக்கமும் காற்றுப்படும்படி நிமிர்த்தி வையுங்கள். வறண்டு வெளுக்கும்போது எண்ணெய் பூசுங்கள். நடுவில் குழி விழுந்தால் தச்சரிடம் கொடுத்து இழைப்புளியால் ஒருமுறை இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.