பாணும் தோழமையும்



ஆங்கிலத்திலே தோழனைக் குறிக்கும் 'கம்பானியன்' என்ற சொல்லை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பாண் இருக்கிறது. இலத்தீனில் 'கொம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் அப்பம். உடனிருந்து அப்பம் உண்பவனே தோழன். பழைய பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் 'கம்பனி'யும் இதன் உடன்பிறப்பே. போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்த 'பாண்' என்னும் சொல்லுக்கும் மூலம் அந்தப் 'பானிஸ்'தான்.

பழைய ஜெர்மானிய இனத்தவரும் தோழனை 'உடன் அப்பம் உண்பவன்' என்றே அழைத்தனர். அதைப் பார்த்தே இலத்தீன் சொல் பிறந்ததென அறிஞர் கருதுவர். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்பிலா கோத்தியரின் மொழியில் பெயர்த்த வேதாகமத்திலும் அச்சொல் உண்டு. எங்கே தெரியுமா? இலாசர் இறந்துவிட்டார். தம்மைக் கல்லால் எறியத் தேடிய யூதேயாவுக்கு ஆண்டவர் மீண்டும் புறப்படுகிறார். நாமும் போய் அவரோடு சாவோம் என்று புனித தோமையார் தம் உடன் சீடரிடம் சொல்கிறார் (அருளப். 11:16). அந்த 'உடன் சீடர்' என்ற இடத்தில்தான் கோத்திய மொழி, 'உடன் அப்பம் உண்பவர்' என்கிறது!

ஆம், தோழமை பந்தியில் தொடங்குகிறது, பந்தியோடு முடிவதில்லை. யூதாசும் ஆண்டவர் கையால் அப்பத்துண்டு வாங்கியவனே. வாங்கியவுடன் எழுந்து இருளுக்குள் போனான். சாவோம் என்ற தோமையாரும் மற்றவர்களோடு ஓடிப்போனார். ஆயினும் உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அப்பம் எடுத்துக் கொடுத்தபோது, தோமையாரும் அங்கே இருந்தார். முறிந்த தோழமையை ஆண்டவர் அப்பத்தாலேயே ஒட்டவைத்தார்.

ஞாயிறுதோறும் நாம் ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை வாங்குகிறோம். ஆனால் பக்கத்தில் முழந்தாளிட்டவர் நம் வீட்டு மேசையில் நம்மோடு இருந்து உண்ணலாமா? சாதி பார்த்து வாசலோடு அனுப்பிவிடுகிறோமா? வேலி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியர் ஒரே வரிசையில் நற்கருணை வாங்கிவிட்டு வேறு வேறு பாதையால் வீடு திரும்புவதில்லையா? அப்பம் ஒன்று; 'உடன்' எங்கே?

இன்றிரவு மேசையில் பாணை வெட்டும்போது, நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த ஒருவரை நினையுங்கள். நாளை ஒரு றாத்தல் பாணோடு போய் அவர் படலையைத் தட்டுங்கள். ஆண்டவரும் உங்களுடன் வருவார்.