பள்ளிக்கூடத்தில் தீன் தழைக்க...



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புப் பணம் செலுத்த வழியற்றவர்கள் சிலர் இருந்தனர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கற்பித்தவர்கள் ஈமான் கொள்ளாதவர்கள். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கவில்லை. பாடம் முடிந்து அப்பிள்ளைகள் திரும்பிச் சென்ற வீட்டிலும், தொழுத பள்ளிவாசலிலும் தீன் நிறைந்திருந்ததல்லவா!

இந்த நுட்பத்தை நாம் மறந்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டு இலங்கையில், பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினால் ஈமான் பறிபோகும் என்றஞ்சி, பிள்ளைகளை ஆங்கிலக் கல்வியிலிருந்தே விலக்கி வைத்தவர் பலர். கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, இரு கல்வியும் வேண்டுமென்று ஓயாமல் எழுதினார்கள். நாடு கடத்தப்பட்டு அங்கே வாழ்ந்த எகிப்தியத் தலைவர் அராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் துணைநின்றார்கள். 1892இல் கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளாகத்திலேயே ஸாஹிரா உதயமாயிற்று.

கட்டிடம் எழுந்தால் போதுமா? தலைமை வேண்டுமே! டி.பி. ஜாயா அவர்கள் 1921 முதல் 1948 வரை அதன் அதிபராக உழைத்தார்கள். அடுத்து வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், உயர்ந்த சிவில் சேவைப் பதவியைத் துறந்து அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். பதவியை விடப் பிள்ளைகள் பெரிதென்று அவர்கள் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை; மாணவர் கண்ணால் கண்டார்கள்.

எல்லா ஊரிலும் ஸாஹிரா இராது. கொடைக்கானல் மலைக்கோடியிலுள்ள கிளாவரை போன்ற ஊரில் அரசுப் பள்ளியே கதி என்றிருக்கும் பிள்ளைக்கு வழி என்ன? ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவோரே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த வீட்டின் அத்தாவும் அம்மாவுமே அப்பிள்ளையின் தலைமையாசிரியர்கள்.

பஜ்ருக்கு மகனை எழுப்பிவிட்டுத் தாம் போர்த்திக்கொண்டு படுக்கும் தகப்பன் எதைக் கற்பிக்கிறார்? தொழுகை சிறுவருக்குரியது என்பதையன்றோ! நாமும் எழுவோம். புத்தகப் பையைத் தூக்குமுன் நான்கு ஆயத்து ஓதக் கேட்போம். பரீட்சையில் பார்த்தெழுதுவது மோசடி என்றும், ஆசிரியர் எம்மதத்தவராயினும் மரியாதைக்குரியவர் என்றும் சொல்லி அனுப்புவோம். அப்பிள்ளை நடந்து செல்லும் பள்ளிக்கு தீனும் கூடவே நடந்து செல்லும்.

சொல்வதைச் செய்து காட்டும் பெற்றோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.