அசையாதோர் பதியும் படம்

பதுளைப் பட்டணத்துப் புனித மாற்கு தேவாலயத்துள், வெளியே வெயில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு முற்பகலிலே புகைப்படக் கருவியோடு நுழைகிறவன், உள்ளே பரவியுள்ள மங்கிய ஒளியில் சுவரையும் பீடத்தையும் செம்மையாகப் பதிக்க விரும்புவானாயின், கருவியை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைச் சில விநாடிகளேனும், சில வேளை நிமிஷக் கணக்கிலேனும் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்பொழுது ஒரு விசித்திரம் நிகழ்கிறது: கல்லும் மரமும் துல்லியமாகப் பதிகின்றன, குறுக்கே நடந்து போகிறவர்களோ சுவடின்றி மறைந்து போகிறார்கள். இச்சாமானியமான பௌதிக விதி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்திருக்கிறது.

அங்கே துல்லியமாகப் பதிவனவற்றுள் ஒன்று மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸின் ஞாபகார்த்தக் கல். இலங்கை ரைபிள் படையின் அதிகாரியாகவும், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும், நீதிபதியாகவும் இருந்து, பதுளை அடங்கிய ஊவா மலைநாட்டுக்குப் பாதைகள் சமைத்த அவர், 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அவர் நினைவாக நண்பர்களும் அபிமானிகளும் எழுப்பிய இவ்வாலயம் 1857இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. வேட்டைக்காரர் ஒருவரின் பெயரைச் சுமக்கும் சுவர்கள் எதனால் பரிசுத்தமாயின? கல்லெழுத்தினாலன்று, அவற்றுக்குள்ளே தலைமுறை தலைமுறையாக முழங்காலிட்டவர்களாலேயே என்பது என் துணிபு.

தோட்டப்புறத்துச் சிற்றாலயங்களில் இவ்வுண்மை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் மலையேறிச் சென்று லயங்களின் வாசலில் வேதம் வாசித்த நாள் முதலாக, ஆறு நாள் விடியலிலும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற கால்கள் ஏழாம் நாள் அச்சிற்றாலயங்களில் ஓய்ந்து மண்டியிட்டன. துரைமாரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்தவளின் பெயரை எவர் வெட்டினார்?

நம்முடைய இந்துக் கோயில்களிலோ மூலஸ்தானத்தைப் படம் பிடிக்க இசைவதில்லை. தரிசனம் என்பது நாம் தெய்வத்தைக் காண்பது மாத்திரமன்று, தெய்வம் நம்மைக் காண்பதும் ஆகும். கருவிக்கு இந்த இரண்டாவது கூறு எட்டாது. ஆயினும் அதே கருவி ஓர் உண்மையைத் தன்னையறியாமலே கூறிவிடுகிறது. அலைகிறவர்களை விட்டுவிடும் அது, பிரார்த்தனையில் அசைவற்று அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியை, மூச்சின் ஏற்றத்தாழ்வினாலே தோளோரம் சற்றே கலங்கியிருந்தாலும், கல்லுக்குச் சமானமாகத் தன்னுள் ஏற்றுக்கொள்ளுகிறது.

ஆகையால், ஊவா மலைகளின் ஆலயங்களைப் படம் பிடிக்கச் செல்லும் அன்பர்களே, ஆட்கள் வெளியேறும் வரை காத்திராதீர்கள். ஞாயிறு ஆராதனைக்கு முன்பே சென்று, சபையாரின் அனுமதியைப் பெற்று, ஒரு மூலையில் முக்காலியை ஊன்றி, அவர்கள் முழங்காலிடும் வேளையிலே கருவியின் கண்ணைத் திறவுங்கள்.