பரீட்சை முடியட்டும்

சிதம்பரம் ரயிலடியில் மாலை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்து கடற்காற்று வரத் தொடங்கியிருந்த நேரம். முண்டாசுக்கு அவசியமே இல்லை. அவர் மடியிலிருந்த கைபேசி ஒலித்தது.

"நல்லா இருக்கேம்மா... ஆயாவா? ஆயா படுத்திருக்குது... இல்லம்மா, நான் வரலை. கடையிலே ஆளில்லை. தம்பிகிட்டே கொடுத்தனுப்பிச்சிருக்கேன்... வீடியோவிலேயா? அதான் சொன்னேனே, காமிரா கெட்டுக் கிடக்குது... நீ சாப்பிட்டுப் படி."

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறு என்று எனக்கும் தெரியும். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் காதை மூடிக்கொள்ளும் கலை மட்டும் கைவருவதில்லை. கடையில் ஆளில்லை என்று ரயிலடியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாரே என்று வியந்து திரும்பிப் பார்த்தேன். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மொட்டைத் தலை. இரண்டு மூன்று நாளைக்குள் மழித்த தலை.

என் பார்வையை அவர் கவனித்துவிட்டார்.

"எங்கம்மா, ஐயா. தவறிப் பதினெட்டு நாள் ஆவுது."

பிறகு அவரே சொன்னார். கடலூர் முதுநகரில் அவருக்குச் சிறிய மளிகைக் கடை. ஒரே பெண். அண்ணாமலை நகரில் விவசாயப் படிப்பு, இரண்டாம் வருஷம். பாட்டி வளர்த்த பெண். பரீட்சை தொடங்க நாலு நாள் இருக்கையில் பாட்டி போய்விட்டாள். குடும்பம் கூடிப் பேசி, பெண்ணுக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள். வாட்ஸ்அப்பில் யாரும் படம் போடக்கூடாது என்று உறவினர்களிடமெல்லாம் கையடித்துச் சத்தியம் வாங்கினார்கள். இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. மகளைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாமல், தம்பி மகனையும் அழைத்துக்கொண்டு முறுக்குப் பொட்டலத்தோடு புறப்பட்டு வந்துவிட்டார். மேம்பாலத்தின் அடிவரை போனவர் தலையைத் தடவிப் பார்த்தாராம். பையனை மட்டும் விடுதிக்கு அனுப்பிவிட்டு ரயிலடிக்குத் திரும்பிவிட்டார்.

"திருப்பதி போய் வந்ததாகச் சொல்லிவிடலாமே?" என்றேன், ஏதோ சாமர்த்தியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"பெத்தவளுக்கு எடுத்த முடியைப் பெருமாள் கணக்கிலே எழுதச் சொல்றீங்களா?" என்றார் அவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பரீட்சை முடியட்டும், ஐயா. அன்னிக்கே நான் சொல்லிடுவேன்."

பரீட்சை முடியட்டும்! இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு நம்மிடையே உண்டா? தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால், அக்காள் கணவனோடு பிணங்கிக்கொண்டு பிறந்தகம் வந்துவிட்டால், அப்பாவுக்கு வேலை போய்விட்டால், உடனே ஒரு குரல் எழும்: 'அவனுக்குச் சொல்லாதீங்க, படிக்கிற பிள்ளை.' அன்பினால்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் அன்பினால் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா என்ற கேள்வி அந்த ரயிலடியில் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம், நான் இந்த விவகாரத்தின் மறுபக்கத்தில் இருந்தவன்.

1920-இல் மீனாட்சி கல்லூரியாகத் தோன்றி 1929-இல் பல்கலைக்கழகமான அண்ணாமலை, ஆரம்பத்திலிருந்தே மாணவர் தங்கிப் படிக்கும் இடம். 1980-இல் நானும் அங்கே ஒரு விடுதியில் இருந்தேன். என் தகப்பனார் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இரண்டு ஊருக்கும் இடையே 45 கிலோமீட்டர்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் மாதம் ஒருமுறைக்கு மேல் ஊருக்குப் போகக் காசு இராது. வாரந்தோறும் அப்பாவிடமிருந்து பதினைந்து காசுக் கார்டு ஒன்று வரும். இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும், பாடங்களில் கவனமாக இருக்கவும். அவ்வளவுதான். கடைசி வரியின் கீழே இடம் மிச்சமிருக்கும்.

அந்த வருஷம் சிநேகிதர்கள் சேர்ந்து பிச்சாவரம் போவதென்று திட்டமிட்டோம். முப்பது ரூபாய் வேண்டுமென்று எழுதினேன். மணியார்டர் நாலே நாளில் வந்தது. சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய்க்கொண்டு சினிமாப் பாட்டுகளை உரக்கப் பாடிய அந்த நாள் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நினைவிலிருந்து நீங்காமல் போனதற்கு வேறு காரணம் உண்டு. பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனேன். அம்மா பாதியாக இளைத்திருந்தாள். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்றாள். அடுத்த வீட்டு அத்தைதான் ரகசியம் காக்கத் தெரியாதவள், நல்லவேளை! "உங்கம்மா பொழைச்சு வந்தது மறுபிறவிடா" என்றாள். வயிற்றில் கட்டி, பெரிய ஆபரேஷன், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில். நான் படகில் பாடிய அன்று அம்மா மயக்கம் தெளியாமல் கிடந்திருக்கிறாள். என் முப்பது ரூபாய், அவளுடைய வளையலை அடகு வைத்து வாங்கிய பணத்திலிருந்து போயிருக்கிறது.

அன்று எனக்கு வந்தது அழுகையல்ல, கோபம். அது எத்தகைய கோபம் என்று விளங்கிக்கொள்ளப் பல வருஷங்கள் ஆயின. அம்மா நோயாய்க் கிடக்கும்போது உல்லாசப் பயணத்துக்குப் பணம் கேட்டு எழுதுகிறவன் எப்படிப்பட்ட மகன்? எனக்குத் தெரியாமலே அப்படிப்பட்ட மகனாக என்னை ஆக்கிவிட்டார்கள். எனக்குத் துயரம் வராமல் காத்தவர்கள், நான் நல்லவனாக நடந்துகொள்ள வந்த ஒரே சந்தர்ப்பத்தையும் சேர்த்து என்னிடமிருந்து காத்துவிட்டார்கள். ஒருநாள் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் என் படிப்புக் கெட்டிருக்குமா? கெட்டே இருந்தாலும் அதைத் தீர்மானிக்க வேண்டியவன் நான் அல்லவா? அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1989-இலிருந்து பதினெட்டு வயதானவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்திருக்கிறோம். நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்கப் போதுமான அந்த வயது, சொந்தப் பாட்டி செத்த செய்தியைக் கேட்பதற்குப் போதாதா?

என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷமே நான் புள்ளியியல் தாளில் தோற்றுப்போயிருந்தேன். அதை வீட்டுக்குச் சொல்லவில்லை. 'இவ்விடம் க்ஷேமம்' என்றுதான் நானும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். 45 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பொய்யர்கள் வாரம் தவறாமல் கார்டு போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பாஷையை நான் யாரிடம் கற்றேன்? இப்போது கார்டு போய்க் கைபேசி வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை பிள்ளைகளோடு பேசுகிறோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, பணம் இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். விசாரணைக்குப் பதில்தான் கிடைக்கும்; விஷயம் கிடைக்காது. அரியர் விழுந்ததையும், அறைத் தோழர்களோடு ஒத்துப்போகாததையும், இரவெல்லாம் தூக்கம் வராததையும், 'செத்துவிடலாமா' என்று ஒரு கணம் தோன்றியதையும் பிள்ளை யாரிடம் சொல்லும்? தங்களுடைய கஷ்டத்தை ஒருநாளாவது வாய்விட்டுச் சொன்னவர்களிடம்தான் சொல்லும். வருஷக்கணக்காகச் 'சௌக்கியம்' என்ற ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்குத் தாங்கமுடியாத துன்பம் வரும்போது அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்கிறது. நாமும் நம்பிக்கொண்டு போனை வைத்துவிடுகிறோம்.

நேரு 1930 அக்டோபரில் நைனிச் சிறையிலிருந்து தம் மகளுக்குப் பிறந்தநாள் கடிதம் எழுதினார். இந்திராவுக்குப் பதின்மூன்று வயது நிறையப் போகும் சமயம். 1931 புத்தாண்டு தினத்தில் எழுதிய கடிதத்தில், அம்மா கைது செய்யப்பட்டுவிட்டாள் என்பதையும் எழுதினார். பெரிய குடும்பத்துச் சமாசாரம், பத்திரிகையில் வந்துவிடும், மறைக்க முடியாது என்று வாசகர் சொல்லக்கூடும். சரி, உள்ளூருக்கே வருகிறேன்.

நான் இறங்க வேண்டிய ஊர் திருப்பாதிரிப்புலியூர். இன்றைக்குப் பஸ்களும் துணிக்கடைகளுமாக இரைச்சலிடும் இந்த ஊர், ஒரு காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் தேடி வந்து படித்த கல்வித்தலம். சர்வநந்தி என்ற சமண முனிவர் கி.பி. 458-இல் 'லோகவிபாகம்' எழுதி முடித்த பாடலிகை இதுவே என்று அறிஞர்கள் சொல்வார்கள். திருவாமூர்ப் பிள்ளை மருள்நீக்கியார் இங்கே வந்து படித்துத் தருமசேனர் என்று பெயர் பெற்றார். தாய் தந்தையர் இல்லை. வளர்த்தவள் அக்காள் திலகவதி. நிச்சயித்த மணமகன் போரில் மடிந்தபின் உயிரை விடத் துணிந்தவள், தம்பிக்காகவே உயிர் தரித்தாள். அவன் போன வழி அவளுக்குப் பிடிக்கவில்லை. கெடிலக்கரையில், திருவதிகையில் கோயில் பணி செய்துகொண்டு தனியே இருந்தாள். அதே கெடிலம்தான் திருப்பாதிரிப்புலியூர் வழியாகக் கடலுக்குப் போகிறது. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பக்கம்தான்.

சேக்கிழார் சொல்லும் அந்தக் கதையில் என்னை நிறுத்துவது சமய விவகாரமல்ல. தம்பிக்குச் சூலை நோய் வந்து வயிற்றைக் குடைந்தபோது, சமையற்காரனை அக்காளிடம் அனுப்பித் தன் நிலையைச் சொல்லச் சொன்னான். படித்துப் பட்டம் பெற்று, தலைவனாகி, அவளுடைய வழியை விட்டு வெகுதூரம் போனவன், 'நலம்' என்று சொல்லியனுப்பவில்லை! அவளும் பூசி மெழுகவில்லை. நீ இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியனுப்பினாள். அந்தப் பதிலைக் கேட்டபின்தான் அவன் இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்தான். வந்தவனிடம் அவள் பழங்கணக்குப் பார்க்கவில்லை. ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாத உறவாக இருந்ததால்தான், அத்தனை வருஷப் பிரிவுக்குப் பிறகும் சொல்லியனுப்ப ஒரு முகவரி இருந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்கிறோம். இதே அண்ணாமலை நகரில், 2020 டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பல்கலைக்கழகத்தை அரசு 2013-இலேயே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தும், அங்கே டாக்டர் படிப்புக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் கட்டணம். மற்ற அரசுக் கல்லூரிகளில் அது சில ஆயிரங்கள்தான். ஐம்பது நாளுக்கு மேல் விடாமல் போராடினார்கள். 2021-இல் அரசு அந்தக் கல்லூரியைச் சுகாதாரத் துறையின் கீழ்க் கொண்டுவந்து கட்டணத்தைக் குறைத்தது. தன் படிப்புக்காக வீட்டில் எது அடகுக்குப் போயிற்று என்று தெரிந்த பிள்ளைதான் அப்படி உட்காரும். நான் முப்பது ரூபாய் கேட்டு எழுதிய பிள்ளை.

இவ்வளவு வேகமாகப் பேசும்போது பண்ருட்டிப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவரின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது அவருடைய முந்திரித் தோப்பு ஒரு காலைப் பொழுதில் படுத்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. எஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம் படித்த மகனுக்கு இரவுதோறும் போன் செய்து, விழுந்த மரங்களை எண்ணினார், கடனை எண்ணினார், அழுதார். புதிதாக நட்ட கன்று காய்க்க வருஷங்கள் ஆகும், அதுவரை என்ன செய்வேன் என்றார். மாசியில் பையன் படிப்பை நிறுத்திவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். "நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று அவர் இன்றும் சொல்கிறார். தோப்பு விழுந்ததை அவன் அறிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. ஆனால் சொல்வது வேறு, பாரத்தைத் தூக்கி அவன் தலையில் வைப்பது வேறு. முதலாவது எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் ஆகவில்லை. நானும் பிள்ளை வளர்த்தவன். பலமுறை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்தவரிடம் பிரசங்கம் செய்யவில்லை. அம்மாவின் ஆபரேஷன் கதையை மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி வருவதற்கு மணி அடித்தபோது தம்பி மகன் மேம்பாலத்துப் பக்கமிருந்து வந்து சேர்ந்தான். பதினாறு வயதிருக்கும்.

"கொடுத்துட்டேன், பெரியப்பா."

"எப்படி இருக்கா? என்ன சொன்னா?"

பையன் சற்றுத் தயங்கினான். "ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பார்த்துச்சு, பெரியப்பா. 'இது கடை முறுக்கு. ஆயா ஏன் சுடலை?'ன்னு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் எதுவும் கேக்கலை. பொட்டலத்தைக் கட்டி வச்சிருச்சு."

அவர் வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றது. நான் எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. துண்டை உதறி, தலையில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதை விட்டா அடுத்த வண்டி எப்போ, ஐயா?" என்றார்.

எனக்குத் தெரிந்த நேரத்தைச் சொன்னேன். அதுவும் தவறிவிட்டால், இரவு எந்நேரமும் கடலூருக்குப் பஸ் உண்டு என்றும் சொன்னேன்.